ஐந்நூறு வந்ததும் நிறுத்திடு கண்ணு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குள் நுழையும்போது வருகிற மலைப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் சேலத்தில் மகளிர் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறவள். சேமிப்பு, கடன், வட்டி என்று கூட்டத்தில் எதை ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் மளிகைச் செலவில்தான் வந்து நிற்கும்.

இந்த மலைப்பை வெளியே சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். படபடவென்று வருகிறது, எதை எடுப்பது என்றே தெரியவில்லை, பாதியில் திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது. சொன்னால், "ஒரு சாமான் வாங்கத் தெரியாதா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். தெரியாமல் இல்லைங்க. அந்த நேரத்தில் எத்தனை கணக்கு ஒன்றாக வருகிறது பாருங்கள். வீட்டில் எது தீர்ந்தது, போன வாரத்து விலை என்ன, இந்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கிறது, இதை எடுத்தால் அதற்குப் பணம் இருக்குமா. இதற்கு நடுவில் குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கும். பின்னால் ஒருவர் "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்பார். நின்ற இடத்தில் இத்தனையையும் மனக்கணக்காகப் போட யாராலும் முடியாது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான். முடிவைக் கடையில் எடுக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து எடுங்கள். கடைக்குப் போவது சாமானை வாங்கி வர மட்டும்தான்.

எங்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், வீட்டிலேயே கொலுசு வேலை. கூலி சனிக்கிழமை வரும். ஒரு சனிக்கிழமை மாலை, சாமானை நாமே எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்ளும் பெரிய கடை ஒன்றுக்கு 500 ரூபாயோடு போயிருக்கிறார். பில் போடும்போது தொகை 500-ஐத் தாண்டிவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதிக்குப் பணம் கட்டி வந்துவிட்டார். வீட்டில் பையைப் பிரித்தால் எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை. பிஸ்கட் இருக்கிறது, துணி சோப்பு இருக்கிறது. "அதுக்கப்புறம் அந்தக் கடை வாசலைப் பார்த்தாலே தலை கிறுகிறுன்னு வருதுங்கக்கா" என்று கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாப்பேட்டை அம்மா ஒருவர், தறிக்காரர் வீடு, உடனே ஒரு வழி சொன்னார். "எது இல்லாம அடுப்பு எரியாதோ அதை முதல்ல பில்லுக்கு வை. அப்புறம் அதுக்கு அடுத்தது. பில் போடுற பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடு, 500 வந்ததும் நிறுத்திடு கண்ணுன்னு. எண்ணி எடுத்து வைக்கிற வேலையே இருக்காதே!"

அடுத்த சனிக்கிழமை கொலுசு வேலை அம்மா அதே கடைக்குப் போனார். பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள், பிறகு சோப்பு, கடைசியாக பிஸ்கட். "500 வந்ததும் நிறுத்திடு கண்ணு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் "சரிங்கக்கா" என்று சொல்லி, சோப்போடு நிறுத்திவிட்டது. பிஸ்கட் கடையிலேயே இருந்துவிட்டது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் எண்ணெயும் பருப்பும் வீடு வந்து சேர்ந்தன. அதைவிட, அந்த அம்மா வரிசையில் தலை நிமிர்ந்து நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் நான் இதைச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியதை வீட்டில் உட்கார்ந்து சிட்டையாக எழுதும்போதும் இதே வரிசைதான். நினைவுக்கு வந்தபடி எழுதாமல் தேவையின் வரிசைப்படி எழுதுங்கள். போன வார விலையைப் பக்கத்தில் போட்டுக் கூட்டி, பணம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது அடுத்த வாரத்துக்கு.

மாதச் சிட்டை எழுதுங்கள் என்று பத்திரிகைகளில் ஆலோசனை வரும். அது மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. கொலுசு, தறி, கட்டட வேலை என்று வாரக்கூலி வாங்குகிற வீட்டுக்கு வாரச் சிட்டைதான் பொருந்தும்.

எழுத உட்காரும் முன் ரேஷன் கடைக்குப் போய் வந்துவிடுங்கள். அரிசி 2011-லிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டும் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் உங்கள் சிட்டை மாறும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் நின்று, சிட்டையை வாங்கி, எடை போட்டுக் கட்டித் தருகிற பழைய மளிகைக் கடை. நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. அங்கே நீங்கள் கேட்டது மட்டும்தான் உங்கள் முன்னால் வரும். கடுகு 20 ரூபாய்க்கு, சீரகம் 10 ரூபாய்க்கு என்று கேட்கலாம். பெரிய கடையில் அப்படி இல்லை. பார்வை படுகிற தட்டில் விலை கூடினது, பில் போடுகிற இடத்தில் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் மிட்டாய். பெரிய கடையில் சில சாமான் மலிவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தலை சுற்றுகிறவர்களுக்குப் பழைய கடையே நல்லது. காய்க்கு சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி உழவர் சந்தைகள் இருக்கின்றன. அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பேரம் பேச வேண்டியதில்லை. படித்துவிட்டுக் கூடையை நீட்டினால் போதும். காலையிலேயே போய்விடுங்கள்.

பாக்கெட் சாமானில் ஒன்று கவனியுங்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராமுக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். 0.16 என்று இருந்தால் கிலோ 160 ரூபாய். பாக்கெட்டின் உயரத்தைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். அதே உயரத்தில் அதைவிடக் குறைவான எடையிலும் பாக்கெட் வருகிறது. பெரியது எப்போதும் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். ஷாம்பு பல சமயம் சின்னப் பாக்கெட்டிலேயே மலிவு.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். 15-ஆம் தேதி வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தில், நாலு வீடு சேர்ந்து லீ பஜார் மொத்த விலைச் சந்தையில் புளியும் மிளகாயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அதற்கு இப்போது இடமில்லை. கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் தன் நோட்டில் எழுதும்போதே உங்களிடமும் ஒரு நோட்டு வைத்துத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கூலி வந்த அன்று இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.