இசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது

(திரையில்: ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. சுவர்க் கடிகாரத்தில் மணி 11.40.)

முப்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு உள்ளே போக மறுக்கிறது. உள்ளங்கை வியர்த்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. "என்னமோ ஆகப்போகுது, ஆட்டோவைக் கூப்பிடு" என்று மனைவியை எழுப்புகிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிடுகிறது. இசிஜி எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் நார்மல். கேஸா இருக்கும்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவைக்கிறார்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. அப்புறம் எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி, தைராய்டு என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார். எல்லாமே நார்மல்தான். பர்ஸ் காலியானதுதான் மிச்சம்.

வணக்கம். இந்த வீடியோவில் பேசப்போவது அந்த "ஒண்ணும் இல்லை"யைப் பற்றித்தான், அதாவது உடம்பு வழியாக வெளியே தெரியும் மனநோய்களைப் பற்றி.

மனநோய் என்றதும் தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அது மிகச் சிலருக்கு வருகிற தீவிர நோய். அதிகம் பேருக்கு வருவது மனச்சோர்வும் பதற்ற நோய்களும். இவை உள்ளவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறார்கள். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் அந்தச் சமயத்தில் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான பரவலான நோய்களில் 100 பேருக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை.

எங்கே போனார்கள் அந்த 85 பேர்? டாக்டரிடமே போகாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் போனவர்கள்தான். கேஸ் மாத்திரை, சத்து ஊசி, தூக்க மாத்திரையோடு திரும்பி வந்தவர்கள்.

(திரையில்: படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும் மனிதர். நெஞ்சில் கை.)

முதலில் அந்த இரவு நேர ஆட்டோக்காரரை, அதாவது ஆட்டோவில் போனவரைப் பார்ப்போம். அவருக்கு வந்தது பேனிக் அட்டாக்.

ஆபத்து வந்தால் ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும். அதற்கு அட்ரினலின் சுரக்கிறது. பேனிக்கில் நடப்பதும் அதேதான், ஆபத்து மட்டும் இல்லை. திருடன் வராமலே நாய் குரைக்கிற மாதிரி. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரத்துப்போவதும், உதட்டோரம் ஊசி குத்துவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். காற்று பத்தவில்லை என்று தோன்றுவதால் இன்னும் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறோம். கரியமில வாயு இன்னும் குறைகிறது. "ஐயோ, ஹார்ட் அட்டாக்!" என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு இன்னும் கொஞ்சம் அட்ரினலின். இந்தச் சுழலை 1986இல் தெளிவாக எழுதிக்காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க்.

உச்சத்தைத் தொடப் பெரும்பாலும் பத்து நிமிடம் போதும். அரை மணி நேரத்துக்குள் பொதுவாகத் தானாகவே இறங்கிவிடும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே பாதி சரியாகியிருப்பது அதனால்தான். ஊசிக்கு அதில் பெரிய பங்கில்லை.

ஒரு எச்சரிக்கை. முதல் முறை நெஞ்சு வலி, படபடப்பு வந்தால் "பேனிக்காத்தான் இருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, பிபி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் கண்டிப்பாக இசிஜி எடுக்க வேண்டும். தைராய்டு ஒருமுறை பார்ப்பதும் நியாயம், அது கூடினாலும் படபடக்கும். ஆனால் எல்லாம் பார்த்து நார்மல் என்று வந்தபிறகு, நான்காவது எக்கோவுக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

ஒரே ஒரு அட்டாக் வந்து போவது யாருக்கும் நடக்கலாம். அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் பஸ் ஏறாமல், கூட்டத்துக்குப் போகாமல், தனியாகக் குளிக்கக்கூடக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் இருக்க ஆரம்பித்தால் அதுதான் நோய்.

இதற்கு உளவியலாளர் தரும் சிகிச்சை பார்க்க விசித்திரமாக இருக்கும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வார். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிடுவார். ஜூஸ் ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வார். நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும், மூச்சு முட்டும். எதைக் கண்டு பயந்தோமோ அதை அறைக்குள்ளேயே வரவழைத்து, ஒன்றும் ஆகாமல் அது அடங்குவதை உட்கார்ந்து பார்க்க வைக்கிறார். பல முறை பார்த்தபின் உடம்பு நம்பிவிடுகிறது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மற்றவர்களும் முதல் முறை ஆள் துணையோடு செய்வதே நல்லது.

பதற்றத்தில் வேறு வகைகளும் உண்டு. மாதக்கணக்கில் எல்லாவற்றுக்கும் கவலை. பிள்ளை பஸ்ஸில் போனால் கவலை, போன் எடுக்காவிட்டால் கவலை, நல்ல செய்தி வந்தாலும் "அடுத்து என்னவோ" என்ற கவலை. கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். பதற்றத்துக்கு நெருங்கிய சொந்தம் இன்னொன்று உண்டு. பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் தோல் உரியும்வரை கை கழுவுவதும் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி. "ரொம்ப சுத்தம்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்கு மருந்தும் உண்டு, கழுவாமல் தாக்குப்பிடிக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

(திரையில்: அரசு மருத்துவமனை ஓபி. பெஞ்சில் வரிசையாக ஆட்கள்.)

இப்போது மனச்சோர்வு. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "எனக்கு மனசு சரியில்லை" என்று தொடங்குகிறவர்கள் குறைவு. உடம்பெல்லாம் அசதி, தலை பாரம், இடுப்பு விட்டுப்போகுது, சாப்பாடு இறங்கலை. இப்படித்தான் பேச்சு தொடங்கும். இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுகிற டாக்டர் கிடைத்தால் கதை மாறும்.

"முன்ன எல்லாம் சாயங்காலத்துல என்னம்மா பண்ணுவீங்க?"

"பூ கட்டுவேன் டாக்டர். அப்புறம் சீரியல் பார்ப்பேன்."

"இப்போ?"

"பூ வாங்குறதில்ல. டிவி ஓடும். நான் பார்க்கிறதில்ல."

"தூக்கம்?"

"மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். விடியறதுக்குள்ள எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுருவேன்."

பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, விடிவதற்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வருவது, காலையில் மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருப்பது, எதற்கெடுத்தாலும் "என்னாலதான் எல்லாம்" என்று தன்னையே குறை சொல்வது. சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வின் அடையாளம் தெரிகிறது. துக்கம் வேறு. சாவு வீட்டில் அழுகிறவர் நடுவில் யாராவது பழைய கதை சொன்னால் சிரிப்பார். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு பெரும்பாலும் வராது, வந்தாலும் நிற்காது.

மருத்துவர்கள் இரண்டு கேள்விகளில் தொடங்குவார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனம் வாடி, நம்பிக்கை இழந்து இருந்ததா? இதில் ஆம் என்றால் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது சல்லடைதான். நோயை உறுதி செய்ய ஆள் நேரில் பேச வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, குடி, சில மாத்திரைகள் எல்லாம் இதே மாதிரி அசதியைத் தரும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள்.

ஆண்கள் விஷயத்தில் ஏமாந்துவிடுகிறோம். அவர்களிடம் சோர்வு பல நேரம் சிடுசிடுப்பாக, கோபமாக, கூடிப்போன குடியாக வெளியே வருகிறது. வயதானவர்களிடம் மறதியாக வரும். பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள், அம்மாவை யாரும் கேட்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அவர் அழுதுகொண்டே இருந்தால் "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்று விடாதீர்கள்.

அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பலருக்கு யாராவது கேட்டார்களே என்பதே பெரிய இளைப்பாறல். "ஆமாம்" என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவர் மேல் கேஸ் போடுவார்களோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் தயங்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

(திரையில்: ஒரு நோட்டுப் புத்தகம். கையெழுத்தில் நேரமும் வேலையும்.)

சிகிச்சைக்கு வருவோம். கோவாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் டாக்டர்களும் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். மூன்று மாதத்தில் அந்த அமர்வுகள் கொடுக்கப்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அமர்வில் என்ன செய்தார்கள்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மனம் சரியானால் செய்வேன் என்று காத்திருக்காமல், முதலில் செய்யவைப்பது. நம் பூ கட்டும் அக்காவுக்கு என்றால், நாளை மாலை ஐந்து மணிக்கு இரண்டு முழம் கட்ட வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். கட்டுவதற்கு முன் மனம் எப்படி இருந்தது, பின் எப்படி இருந்தது என்று நோட்டில் ஒரு வரி. அடுத்த நாள் பக்கத்துத் தெருவரை நடை. முதல் வாரம் ஒன்றும் மாறாத மாதிரி இருக்கும். "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று சொல்வதைவிட, ஐந்து மணிக்குப் பூ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவது நூறு மடங்கு உதவி.

நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மாத்திரையும் தேவைப்படும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்சிடின் ஆகியவை பரவலாக எழுதப்படுபவை. சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒரு இருப்புக்கொள்ளாமை வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதாவது தொந்தரவு முதலில் வருகிறது, நன்மை பின்னால் வருகிறது. இதை யாரும் சொல்லியனுப்பாவிட்டால் நான்காம் நாளே மாத்திரை குப்பைக்குப் போகும். போகத்தான் செய்யும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரங்கள் வீட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அதீத உற்சாகமாக, கைக்கு வந்தபடி செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா? இருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆள் மறுபடி அந்த உச்சத்துக்குப் போய்விடலாம்.

அடிமையாகிவிடுவோம் என்ற பயம் தவறான மாத்திரையின் மேல் இருக்கிறது. பழக்கமாகிவிடும் அபாயம் உள்ளவை அல்பிரசோலம், குளோனசெபாம் வகைத் தூக்க மாத்திரைகள். சில வாரங்களுக்கு மட்டும் தரவேண்டியவற்றை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அப்படி ஆகியிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்துத் தருவார்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை இலவசம். சென்னையில் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்றால் இன்னமும் கேலிப் பேச்சுதான். 1794 முதல் இயங்கிவரும் அந்த மருத்துவமனைக்கு வந்து ஓபி சீட்டு வாங்கி, மாத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கேலி செய்கிறவர் அலுவலகத்திலேயே ஒருவர் இருக்கலாம். குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ வேண்டிக்கொண்டு போகிறவர்களிடம் நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். போய் வாருங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, நிறுத்துவது. நன்றாகிவிட்டது என்று தோன்றியபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும், பலருக்கு ஒன்பது மாதம்வரை போகும். பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திடீரென்று விட்டால் தலை கிறுகிறுக்கும், மின்சாரம் பாய்வது போல ஒரு வெட்டு வரும். அதைப் பார்த்து "பாரு, அடிமையாக்கிடுச்சு" என்பார்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. நிறுத்தியபின் மூன்று மணி விழிப்பு மறுபடி எட்டிப்பார்த்தால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பழைய ஓபி சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மாத்திரை எந்த அளவில் கேட்டது என்று அதில் எழுதியிருக்கும், டாக்டர் அங்கிருந்தே தொடங்கலாம்.