ஓய்வு மட்டும் போதாது: ஓடுபவர்களுக்கும் கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் பிசியோதெரபி

நேயர்களுக்கு வணக்கம்.

பிசியோதெரபி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஏதோ மின்கருவியை ஒட்டிவைத்திருக்கும் காட்சிதான். அந்தக் கருவிகளுக்கும் இடம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓடுபவர்களும் கோல்ஃப் ஆடுபவர்களும் வலியோடு வந்து நிற்கும்போது எங்கள் வேலையின் பெரும்பகுதி வேறு. தசையை எலும்போடு இணைக்கும் இந்தத் தசைநாண் எவ்வளவு சுமை தாங்கும், இவர் எவ்வளவு ஏற்றினார், கணக்கு எந்த வாரத்தில் இடித்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், தாங்கும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும்.

ஓட்டத்தில் காயம் வரும் என்றால் எல்லோரும் நம்புவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கோல்ஃபில் அப்படி என்ன ஆகிவிடும், நடந்துபோய் நின்று நிதானமாக அடிக்கிற ஆட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொடும் அந்தக் கால் நொடியைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. அந்தக் கணத்தில் கீழ்முதுகு ஒரே சமயத்தில் திருகி, பக்கவாட்டில் வளைந்து, அழுந்துகிறது. அந்த அழுத்தத்தை அளந்து பார்த்தவர்கள் உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை வருவதாகக் கண்டார்கள். கோல்ஃப் ஆடுபவர்களை அதிகம் படுத்துவது முதுகுவலிதான். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கக் கீழ்முதுகில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வலிப்பது கீழ்முதுகு, குற்றவாளி பல நேரங்களில் வேறு இடம். கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியது 10 முதல் 15 பாகைதான். பெரிய திருப்பம் அதற்கு மேலே உள்ள மார்புப் பகுதி முதுகெலும்பிலிருந்தும், கீழே உள்ள இரண்டு இடுப்பு மூட்டுகளிலிருந்தும் வரவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இந்த இரண்டு இடங்களும்தான் முதலில் இறுகும். அவர் வார இறுதியில் போய் டிரைவர் என்னும் நீளமான மட்டையை முழு வீச்சில் சுழற்றினால், மேலும் கீழும் திரும்ப மறுத்த பங்கை நடுவில் இருக்கும் கீழ்முதுகு ஏற்றுக்கொள்கிறது.

நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழங்கால் அசையாமல் மேலுடம்பை வலப்பக்கம் திருப்புங்கள், பிறகு இடப்பக்கம். நேரெதிருக்கும் பக்கவாட்டுக்கும் சரிபாதி, அதாவது 45 பாகை வரவேண்டும். அடுத்தது, உட்கார்ந்தபடியே முழங்காலை அசைக்காமல் இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். தொடை உட்புறமாகச் சுழலும். வலது காலிலும் செய்து ஒப்பிடுங்கள். வலது கைக்காரர்கள் அடித்து முடிக்கும்போது உடம்பு முழுவதும் இடது இடுப்பு மூட்டின் மேல்தான் சுழல்கிறது. அந்தப் பக்கம் குறைவாக இருந்தால் முதுகு அதற்கு விலை கொடுக்கும்.

ஆகவே கோல்ஃப் முதுகுக்கு நாங்கள் தரும் பயிற்சிகளில் பாதி, முதுகுக்கானவை அல்ல. ஒருக்களித்துப் படுத்து மேல்கையைப் பின்னால் விரித்து மார்பைத் திறப்பது, இடுப்பு மூட்டை உட்புறமாகச் சுழற்றிப் பழக்குவது, புட்டத் தசைகளுக்குப் பளு கொடுப்பது. முதுகைத் தாங்கும் வயிற்றுத் தசைகளுக்குப் பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து முன்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது) போன்றவை. கூடவே ஸ்விங்கிலும், அதாவது மட்டை வீச்சிலும், ஒரு சின்ன மாற்றம்: மட்டையைப் பின்னால் ஓங்கும்போது முன்காலின் குதிகாலைக் கொஞ்சம் தூக்க விடுவது. இடுப்பும் சேர்ந்து திரும்பும்; முதுகுத் திருகல் குறையும். தூரம் கொஞ்சம் குறையலாம். அது பலருக்குக் கசக்கும் என்று தெரியும்.

இந்த இடத்தில் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் பெயர் கட்டாயம் வரும். 2017 ஏப்ரலில் கீழ்முதுகின் எலும்புகளை இணைக்கும் அறுவை செய்துகொண்டு, 2019இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றாரே, அதையே நானும் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அது அவருக்கு நான்காவது முதுகு அறுவை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களின் முதுகுவலியில் பெரும்பாலானவற்றுக்கு அறுவை என்ன, ஸ்கேனே தேவைப்படாது.

முழங்கைக்கு வருவோம். கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயர் பெற்றது முழங்கையின் உட்பக்க வலி. வலது கைக்காரருக்கு வலது கையில் வரும். ஆனால் அதே ஆட்டக்காரரின் இடது முழங்கையில் வெளிப்பக்கம் வலிப்பதும் சாதாரணம். அதற்குப் பெயர் டென்னிஸ் எல்போ. கோல்ஃப் ஆடி டென்னிஸ் எல்போ வந்ததே என்று குழம்ப வேண்டாம். காரணம் இரண்டிலும் ஒன்றே: மட்டையை நெரிப்பதுபோல் பிடிப்பது, பந்துக்கு முன்னால் தரையை அடிப்பது, பழகாத உடம்போடு ஒரே நாளில் கூடை கூடையாகப் பந்து அடிப்பது.

இதற்கு ஸ்டீராய்டு ஊசி கேட்டு வருபவர்கள் நிறைய. வெளிப்பக்க முழங்கை வலியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஊசி போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் அருமையாக இருக்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் போடாதவர்களைவிட நிலைமை மோசம். நான் ஊசிக்கு எதிரியல்ல. ஆனால் வலி திடீரென்று மறைந்ததும் அடுத்த நாளே மைதானத்துக்குப் போகிற மனிதர்களை நன்கு அறிவேன். மெதுவான வழி இதுதான்: சிறிய டம்பெல்லைப் பிடித்து, முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மிக நிதானமாகக் கீழே இறக்குவது. உட்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே பார்க்க. வெளிப்பக்க வலிக்குக் கீழே பார்க்க. தசை நீண்டபடியே பளுவைத் தாங்கும் இந்த வேலைதான் தசைநாணைத் தேற்றும்.

மணிக்கட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் ஆழமாக வலித்து, பிடி தளர்ந்துபோனால் அதைச் சுளுக்கு என்று விடாதீர்கள். மட்டையின் கைப்பிடி முனை அழுத்தி அங்குள்ள சிறு கொக்கி போன்ற எலும்பு முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும்.

இனி ஓடுபவர்கள். நான் அதிகம் பேச விரும்புவது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாணைப் பற்றி. ஏனென்றால் ஏமாற்றுவதில் அதற்கு இணை கிடையாது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்பு. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வலி காணாமல் போகிறது. ஓடினால் சரியாகிறது என்று இன்னும் கொஞ்சம் ஓடுகிறார். மறுநாள் காலை விறைப்பு கூடியிருக்கும். இப்படியே இரண்டு மாதம் போய், வலி ஓட்டத்தின் நடுவிலும் வரத் தொடங்கியபிறகு முழு ஓய்வு எடுக்கிறார். வலி நிற்கிறது. மறுபடி ஓடுகிறார், மறுபடி வலிக்கிறது. ஓய்வெடுத்த காலத்தில் தசைநாண் இன்னும் பலவீனமாகியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்சனும் அவருடைய குழுவும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். நெடுநாள் அக்கிலீஸ் வலியோடு இருந்த 15 பேர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, வலியுள்ள காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் காலைப் பயன்படுத்தலாம். 15 முறை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 முறை வருகிறது. வலித்தாலும் தொடரச் சொன்னார்கள். 12 வாரத்தின் முடிவில் 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். வலிக்கிற தசைநாணுக்கு ஓய்வு கொடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய திருப்பம். பின்னால் வந்த ஆய்வுகளில், வாரத்துக்கு மூன்று நாள் அதிகப் பளுவோடு மெதுவாகக் குதிகாலை ஏற்றி இறக்குவதும் அதே பலனைத் தந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்கிறேன். தினமும் 180 முறை செய்வதாக வாக்குக் கொடுப்பவர்கள் அதிகம், செய்பவர்கள் குறைவு. ஒரு எச்சரிக்கை: வலி நடுத் தசைநாணில் இல்லாமல் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் இருந்தால், படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையிலேயே செய்ய வேண்டும்.

இன்னொன்று. சிப்ரோஃபிளாக்சாசின், லீவோஃபிளாக்சாசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் அக்கிலீஸ் தசைநாணைப் பாதிக்கக்கூடும், சிலருக்கு அறுந்தும் போகலாம். அந்த மாத்திரைகளை எடுக்கும்போது குதிகாலுக்கு மேல் வலி வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலி ஓடுபவர்களுக்கு மிகப் பரிச்சயமானது. படி இறங்கும்போதும், வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் உறுத்தும். தொடைத் தசையோடு புட்டத் தசைகளையும் பலப்படுத்தினால் நன்றாகக் குறையும். செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது: அடிகளை எண்ணுங்கள். ஒரு நிமிடத்தில் 160 அடி வைப்பவர், அதே வேகத்தில் 168 முதல் 176 வரை வைத்தால், ஒவ்வொரு அடியும் குட்டையாகி, பாதம் உடம்புக்கு அருகே இறங்கி, முழங்காலின் சுமை குறைகிறது. புதுக் காலணி தேடிக் கடை கடையாக ஏறுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கீழ்க்காலின் உள்விளிம்பில், முன்னெலும்பை ஒட்டி நீளமாக வலித்தால், அது பொதுவாக ஷின் ஸ்பிளிண்ட்ஸ். தூரத்தைக் குறைத்து, கெண்டைக்காலைப் பலப்படுத்தினால் தேறும். ஆனால் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே என் பேச்சு தலைகீழாக மாறும்: ஓடாதீர்கள். கவட்டையில் ஆழமாக வலித்தால் இன்னும் அவசரம். தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால் அது முழுதாக முறியக்கூடும். ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காமல் எலும்பும் பலவீனமாகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், நாங்களாகக் கேட்கவேண்டியிருக்கிறது.

சரி, வலியோடு பயிற்சி செய் என்கிறீர்கள், எவ்வளவு வலி வரை? நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாது என்பது 10. தசைநாண் பயிற்சியில் 5 வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. அக்கிலீஸ் வலியில் இந்த விதியோடு ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்கள், முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தியவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள். எலும்பு விரிசலுக்கு இந்த விதி பொருந்தாது.

ஐஸ் ஒத்தடம் பற்றி எப்போதும் கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலடிச் சூத்திரத்தை 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். முதல் நாளில் வலி தணிக்க ஐஸ் வைப்பதில் தவறில்லை. மூன்று வாரமாக வலிக்கிற தசைநாணுக்கு அது பொழுதுபோக்குதான்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் வரும்வரை காத்திருக்கக் கூடாத சில உண்டு. கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் படக்கென்று ஒரு சத்தம், பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லை. முதுகுவலியோடு கவட்டைப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல். இவற்றுக்கு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி எங்களிடம் வரும்போது தேய்ந்த பழைய காலணியை எடுத்து வாருங்கள், புதியதை அல்ல. கோல்ஃப் ஆடுபவர்கள், முடிந்தால் ஒரு மட்டையும், நீங்கள் அடிக்கும் ஒரு வீடியோவும். ஓடுபவர்கள், கடைசி இரண்டு மாதம் ஓடிய தூரத்தின் பட்டியல். முந்தைய ஒரு மாதத்தில் ஒரே தடவையில் ஓடிய மிக நீண்ட தூரத்தைத் திடீரென்று தாண்டிய ஒரு நாள் அதில் அநேகமாக இருக்கும். வலி அதற்கு அடுத்த வாரம் தொடங்கியிருக்கும். அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

வணக்கம்.