பெயர் ஏற ஒரு வழக்கு, பெயர் இறங்க ஒரு வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் பற்றி நம் ஆட்கள் பேசினால் பெரும்பாலும் டிரம்ப் என்ன சொன்னார், எதிராளி என்ன சொன்னார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் இன்றைக்கு அந்தப் பக்கமே போகப்போவதில்லை. வாக்குச்சீட்டு என்ற அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்பதற்கு நடக்கும் சண்டை, தேர்தலுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிற இன்னொரு தேர்தல் மாதிரி. அதை முதலில் பார்த்தால்தான், அங்கே ஏன் இத்தனை பேர் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

2024 தேர்தலில் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சியின் பெரிய குடும்பத்துப் பிள்ளை, அந்தக் கட்சியிலேயே போட்டியைத் தொடங்கி, அப்புறம் 2023 அக்டோபரில் வெளியே வந்தவர். வெளியே வந்ததும் அவருக்கு முதல் வேலை பிரசாரம் இல்லை, கையெழுத்து. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்பது நாடு முழுக்க ஒரே தேர்தல் கிடையாது; 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்தும் 51 தேர்தல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் கெடு, தனிப் படிவம். டென்னசியில் 275 பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சுயேச்சை அதிபர் வேட்பாளரின் பெயர் சீட்டில் ஏறிவிடும். நியூயார்க்கில் 45,000 கையெழுத்து, அதுவும் ஆறே வாரத்துக்குள். கலிஃபோர்னியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு தாளாக எடுத்து உட்காருவார்கள். இவர் எழுதிய முகவரி பட்டியலில் இல்லை, இவர் தேதி போடவில்லை, இந்தத் தாளை வாங்கி வந்தவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று அடித்துக்கொண்டே போவார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கேட்டதைவிட நிறையக் கூடுதலாக வாங்கி வைப்பார்கள். இதற்கென்றே கூலிக்குக் கையெழுத்து வாங்கித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பணம் இல்லாத கட்சி அந்த இடத்திலேயே பாதி செத்துவிடும்.

சரி, கென்னடிக்கு வருவோம். நியூயார்க்கில் கையெழுத்துக் கணக்கைத் தாண்டிவிட்டார். ஆனால் தன் முகவரி என்று அவர் எழுதியது ஒரு நண்பர் வீட்டின் ஒரு அறை. உண்மையில் இவர் வாழ்வது கலிஃபோர்னியாவில் என்று சொல்லி, ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமான ஓர் அமைப்பு ஆதரித்த வழக்கில் நீதிமன்றம் அவர் பெயரை நீக்கியது. அதே ஆகஸ்ட் மாதம் 23ஆம் தேதி அவர் பிரசாரத்தை நிறுத்திவிட்டு டிரம்ப்பை ஆதரிப்பதாக அறிவித்தார். இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். இழுபறி மாநிலங்களில் என் பெயர் இருந்தால் டிரம்ப்புக்கு ஓட்டு குறையும், எடுத்துவிடுங்கள் என்று விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் வழக்குப் போட்டார். நியூயார்க்கிலோ, என் பெயரைத் திரும்பச் சேருங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்! ஒரே ஆள், ஒரே பருவம், இரண்டு எதிரெதிரான கோரிக்கை.

அவரை மட்டும் பார்த்துச் சிரித்தால் போதாது. அதுவரை அவரைச் சீட்டில் ஏறவிடாமல் தடுக்கப் பார்த்த ஜனநாயகக் கட்சிப் பக்கத்தவர்கள் இப்போது சில மாநிலங்களில் அவர் பெயர் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். ஓட்டுப் போடுகிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று அதுவரை முழங்கியவர்கள் பெயரைத் தூக்கு என்றார்கள். வட கரோலினாவில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அவர் பெயரை நீக்கச் சொன்னது. அதற்குள் சுமார் 29 லட்சம் சீட்டு அச்சாகிவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்கள், தபால் வாக்குச் சீட்டு அனுப்புவது தள்ளிப்போனது. விஸ்கான்சினில் சட்டம் வேறு மாதிரி: ஒருமுறை வேட்பாளராகிவிட்டால் செத்தால்தான் பெயர் நீங்கும். பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமே என்ற யோசனைகூட நீதிமன்றத்தில் வந்தது. அதெல்லாம் எண்ணும் இயந்திரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்றார்கள். பெயர் அப்படியே இருந்தது. கடைசியில் அங்கே அவருக்கு விழுந்தது 18,000க்கும் குறைவு, டிரம்ப் ஜெயித்தது 29,000 ஓட்டுக்கு மேல். இத்தனை ஆர்ப்பாட்டமும் அங்கே முடிவை மாற்றவே இல்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு நல்ல சீர்திருத்தம். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான இடங்களில் அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே அடித்துக் கொடுத்தன, பல ஊர்களில் கட்சிக்கு ஒரு நிறத்தில். நீங்கள் எந்த நிறத் தாளைப் பெட்டியில் போடுகிறீர்கள் என்று சுற்றி நிற்கிறவன் எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், காசு கொடுத்தவனுக்கும் தெரியும். 1888இல் மாசசூசெட்ஸ், ஆஸ்திரேலியாவில் இருந்த முறையைப் பார்த்து, அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்களும் வேகமாகப் பின்தொடர்ந்தன. ஓட்டுக்குப் பணம், மிரட்டல் எல்லாம் குறைந்தது, உண்மைதான். ஆனால் அரசு அச்சடிக்கிறது என்றால் யார் பெயரை அச்சடிப்பது என்று அரசுதானே முடிவுசெய்ய வேண்டும்? அந்த அரசு யார் கையில்? இரண்டு கட்சிகளின் கையில். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1943இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், தொகுதி வாக்காளர்களில் 5 சதவீதம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று. அதிலிருந்து இன்றுவரை நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைக்கு எந்த மூன்றாவது கட்சி வேட்பாளரும் அந்தக் கணக்கை எட்டியதே இல்லை. ஓஹையோவில் 1968இல் இன்னும் மோசம், முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டில் 15 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து கேட்டார்கள். அந்த வருடம் மூன்றாவது கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்ற ஜார்ஜ் வாலஸ், நிறவெறி அரசியல் செய்தவர், எனக்கு அவர்மேல் துளியும் மரியாதை கிடையாது, ஆனால் அவர் கட்சி நாலரை லட்சம் கையெழுத்து வாங்கியும் கெடு தாண்டிவிட்டது என்று வெளியே நிறுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவர் பெயரைச் சேர்த்தது. பிடிக்காதவர்களுக்காகப் போராடித்தான் இந்த உரிமையில் பாதி கிடைத்திருக்கிறது.

பெரிய கட்சிகளுக்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்டால் 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடாவைத்தான் காட்டுவார்கள். குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000க்கு மேல். அன்றிலிருந்து ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குப் பசுமைக் கட்சி என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். 2016இலும் விஸ்கான்சினில் டிரம்ப்பின் வித்தியாசம் 22,748, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கியது 31,000. அதனால் 2020இல் விஸ்கான்சினில் பசுமைக் கட்சியை வெளியே நிறுத்தினார்கள், காரணம் துணை அதிபர் வேட்பாளர் நடுவில் வீடு மாறியதால் படிவங்களில் இரண்டு முகவரி இருந்தது. அதே வருடம் அதே மாநிலத்தில் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் குடியரசுக் கட்சிக்கு வேலை பார்த்த ஒரு வழக்கறிஞர்! மாலை 5 மணிக் கெடு, அலுவலகத்துக்குள் நுழைந்தது சில நொடிகள் தாமதமாக; அந்தப் பெயரும் ஏறவில்லை. 2024இல் நெவாடாவில் அதைவிடக் கொடுமை. தேர்தல் அலுவலகமே பசுமைக் கட்சிக்குத் தவறான படிவத்தை அனுப்பியது, அவர்கள் அதில் கையெழுத்து வாங்கினார்கள், ஜனநாயகக் கட்சி வழக்குப் போட்டு அந்தப் படிவம் செல்லாது என்று ஜெயித்தது. பசுமைக் கட்சிக்காக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டவர் யார் தெரியுமா? முன்பு டிரம்ப்பின் வழக்கறிஞராக இருந்தவர். யாருக்கு யார் மேல் அக்கறை என்று புரிந்திருக்கும்.

ஓட்டைப் பிரிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஸ்டைனுக்குப் போட்டவர் அவர் பெயர் இல்லாவிட்டால் ஜனநாயகக் கட்சியின் ஹிலரிக்குப் போட்டிருப்பார் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்? பலர் பேசாமல் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள்தான் அங்கே உண்மையான பெரும் கட்சி. 2016இல் ஓட்டுப்போடத் தகுதி உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேர் போடவில்லை. 2020இல் சுமார் 66 சதவீதம் பதிவானது, 1900க்குப் பிறகு அதுதான் அதிகம், அப்போதும் மூன்றில் ஒருவர் வரவில்லை. அதிபர் தேர்தல் இல்லாத 2014இல் சுமார் 36 சதவீதம்தான், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அதுதான் குறைவு.

சோம்பேறித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான மாநிலங்களில் பட்டியலில் பெயர் சேர்ப்பது குடிமகனின் வேலை, வீடு மாறினால் மறுபடி அவர்தான் அலைய வேண்டும். தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை, 1845இல் குதிரைவண்டிக் காலத்தில் போட்ட சட்டம், இன்றும் அதே. நாடு முழுக்க விடுமுறையும் கிடையாது. இதையெல்லாம்விட, ஹவாயில் இருக்கிற ஒருவருக்குத் தன் மாநிலம் யாருக்குப் போகும் என்று முன்னாலேயே தெரியும். 2024இல் அங்கே பாதிப் பேர்தான் ஓட்டுப்போட்டார்கள், இழுபறியான விஸ்கான்சினிலோ நான்கில் மூன்று பேருக்கு மேல். அன்று நியூயார்க்கில் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தால் அதிபர் இடத்துக்கு அச்சாகி இருந்த பெயர் இரண்டே இரண்டு.

வராதவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்பது ஜனநாயகக் கட்சியின் பல காலத்து நம்பிக்கை. வாக்குப்பதிவு கூடினால் நமக்கு ஆகாது என்பது குடியரசுக் கட்சியின் பயம். அதை வைத்துத்தான் 2020இல் தபால் ஓட்டு மோசடி என்று டிரம்ப் சத்தம் போட்டார். ஆனால் 2024இல் அதே கட்சி, முன்கூட்டியே போடுங்கள், தபாலிலும் போடுங்கள் என்று கெஞ்சியது, ஏனென்றால் எப்போதாவது வந்து ஓட்டுப்போடும், கல்லூரிப் பட்டம் இல்லாத தொழிலாளர்கள், இளைஞர்கள் பலர் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அதிபர் தேர்தல் இல்லாத காலத்தில், கூட்டம் குறைவாக வரும் தேர்தல்களில் இப்போது ஜனநாயகக் கட்சி நன்றாகச் செய்கிறது. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சிப் பக்கத்துக்காக எலான் மஸ்க் கோடிகளைக் கொட்டியும் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் அந்தப் பக்கம் தோற்றது. ஆக, அதிகம் பேர் வர வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கொள்கை என்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வருகிறவர் யார் என்பதுதான் கணக்கு.

பெயரை நீக்க வழக்குப் போடாமலே இந்த ஓட்டுப் பிரிப்புப் பயத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடவிடுவது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது. மெய்ன் மாநிலத்தில் இது நடக்கிறது. 2010இல் அங்கே 38 சதவீத ஓட்டில் ஒருவர் ஆளுநரான எரிச்சலும் அதற்கு ஒரு காரணம். அலாஸ்காவிலும் இருக்கிறது, 2024இல் அதை நீக்கக் கேட்ட வாக்கெடுப்பில் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தப்பித்தது. அதே நாளில் கொலராடோ, நெவாடா, ஐடஹோ, ஓரிகன் நான்கிலும் இந்த முறை வேண்டாம் என்று தோற்கடிக்கப்பட்டது. கொலராடோவிலும் நெவாடாவிலும் இதை எதிர்த்துப் பேசியதில் இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே அணி. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே வரவில்லை.

நன்றி, வணக்கம்.