எஃப் துளைக்குள் எட்டிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிட்டார் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட கிட்டார்தான். நான் பேச வந்தது அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றி. பெயர் ஆர்ச்டாப். வயலினைப் போல மேல்பலகை புடைத்திருக்கும். ஓட்டைக்குப் பதில் இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் துளைகள். கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டை, அதாவது குதிரையை, பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகள் அழுத்துவதால்தான் அது நிற்கிறது. பழைய ஜாஸ் பதிவுகளில் டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே 'சக், சக்' என்று தாளம் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான்.

கையால் செய்த ஆர்ச்டாப் விலை அதிகம். காரணம் இருக்கிறது. ஸ்புரூஸ் என்ற மரத்தின் தடித்த கட்டைகள் இரண்டை ஒட்டி, வெளியே மேடாகவும் உள்ளே குழிவாகவும் செதுக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது நடுவில் ஆறு மில்லிமீட்டர் போல, ஓரத்தில் அதிலும் மெல்லிசு. பாதிக்கு மேல் சீவலாகத் தரையில் கிடக்கும். அதற்கான கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் நாம் கொடுக்கிற பணம் முழுக்க அந்தக் கூலிக்கா போகிறது? நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ என்று ஒருவர் இருந்தார். 1932-இல் கென்மேர் தெருவில் பட்டறை போட்டு, 1964-இல் இறக்கும்வரை ஆயிரத்துச் சொச்சம் கிட்டார்கள் செய்தார். இன்று அவற்றில் ஒன்றின் விலைக்கு நல்ல கார் வாங்கலாம். அருமையான கிட்டார்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த விலையில் பெரிய பங்கு தலையில் பதித்த பெயருக்கு. மரத்துக்குக்கூட அவ்வளவு இல்லை. ராபர்ட் பெனடெட்டோ என்ற இன்னொரு பெரிய கைவினைஞர், கட்டட வேலைக்கு விற்கிற, முடிச்சு விழுந்த பைன் பலகையில் ஓர் ஆர்ச்டாப் செய்து காட்டியிருக்கிறார். செய்கிற கைதான் முக்கியம் என்று நிரூபிக்க.

அப்படியானால் நல்ல கை, தெரியாத பெயர், இரண்டும் சேர்ந்த இடம் எது? எனக்கு அது தற்செயலாக வாய்த்தது. தெற்கு ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் பூபன்ராய்ட். இன்று செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில் ஷோன்பாக் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக வயலின் செய்துவந்த ஜெர்மானியக் குடும்பங்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வெளியேற்றப்பட்டன. 1949-இலிருந்து அவர்களில் பலர் பூபன்ராய்டில் குடியேறினார்கள். அதுவரை சில நூறு பேரே இருந்த கிராமம் அது! ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடம்பு, அப்புறம் எங்கோ ஒரு வியாபாரி தன் பெயரை ஒட்டி விற்பான். சிலதில் பெயரே இருக்காது. ஐம்பதுகளின் நடனக் குழுக்களுக்காக இவர்கள் ஆர்ச்டாப் செய்தார்கள். ஜெர்மனியில் அதற்கு ஷ்லாக்கிட்டாரே என்று பெயர், அடித்து வாசிக்கிற கிட்டார். அறுபதுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் பரவியதும் எல்லாம் பரணுக்குப் போயின. அங்கேதான் நம் அதிர்ஷ்டம்.

முதல் தடவை ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் "கையால் குடைந்தது" என்றார்கள், நம்பினேன். வீட்டில் விளக்கடியில் எஃப் துளையின் விளிம்பைப் பார்த்தால், பிஸ்கட் மாதிரி மூன்று அடுக்கு. ஒட்டுப்பலகை! முழு மரமென்றால் மேலே தெரிகிற ரேகைகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கும். அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்தது. அது கெட்டதென்று சொல்லவில்லை. 1949-இல் கிப்சன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட இஎஸ்-175 என்ற கிட்டார்கூட ஒட்டுப்பலகைதான், ஆம்ப்ளிஃபயரோடு வாசிக்க அது ஒரு சௌகரியம். குடைந்ததன் விலையைக் கொடுத்து அதை வாங்கியதுதான் என் முட்டாள்தனம்.

இரண்டாம் தடவை ஒரு முதியவரின் வீட்டுக்கே போனேன். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் ஒரு டார்ச்சும் சட்டைப்பையில். துளை வழியாகப் பார்த்தேன், உட்புறத்தில் உளித் தடங்கள் அப்படியே இருந்தன. அடுத்தது கழுத்து. குதிரையை உயர்த்தவும் இறக்கவும் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். அவற்றை அடிவரை இறக்கியும் கம்பி விரல்பலகைக்கு மேலே எட்டாத உயரத்தில் நின்றால், கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும் என்று அர்த்தம். அந்தச் செலவு கிட்டார் விலையையே தாண்டலாம். இந்தப் பழைய ஜெர்மன் கிட்டார்கள் பலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் இரும்புக் கம்பியும் கிடையாது. வளைந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

அவருடையது நேராக இருந்தது. கைபடாமல் காக்கும் செல்லுலாய்டு தகடு மட்டும் சுருங்கி உதிர்ந்து புளித்த வாடை அடித்தது. அதன் ஆவி பட்டு அருகிலிருந்த உலோகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதைச் சாக்காக வைத்துப் பேரம் பேசி 650 யூரோவுக்கு முடித்தேன். தகட்டைக் கழற்றி எறிய ஐந்து நிமிடம்.

பரண் தேட வாய்ப்பில்லாதவர்களுக்கும் வழி உண்டு. கிப்சன் 1984-இல் அமெரிக்காவின் கலமசூ ஊரின் ஆலையை மூடியபோது, அங்கே வேலை பார்த்த சிலர் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்று தொடங்கினார்கள். பழைய ஹெரிடேஜ் கிட்டார், அதே தரத்து கிப்சனைவிட மலிவாகவே கிடைக்கும். பெய்ஜிங்கில் வயலின் செய்து பழகிய ஈஸ்ட்மன் பட்டறையும் குடைந்த ஆர்ச்டாப்களைத் தாங்கும் விலைக்குத் தருகிறது. சீனா என்று முகம் சுளிக்கும் நண்பர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வேன்.

என் கிட்டாரின் உள்ளே கண்ணாடியில் பார்த்தபோது பென்சிலால் '14' என்று எழுதியிருந்தது. வேறெதுவும் இல்லை. செய்தவர் யாரென்று முதியவருக்கும் தெரியவில்லை. அதை இன்று கொண்டுவந்திருக்கிறேன். நிலையத்தார் ஒரு நிமிடம் தந்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லை, மைக்குக்கு முன்னால் அப்படியே வாசிக்கிறேன். கேளுங்கள்.