செவுளுக்குள் ஒரு சிவப்பு

வணக்கம் பிள்ளைகளே. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிற அம்மாவோ ஆயாவோ முதலில் என்ன கேட்பார்கள்? "செவுளைக் காட்டுக்கா." மீன்கார அக்கா சங்கராவின் கன்னத்தை விரலால் நெம்பிக் காட்டுவார். உள்ளே நல்ல சிவப்பு என்றால் பேரம் தொடங்கும். வெளுத்திருந்தால் அடுத்த கூடைக்கு நடைதான்.

அந்தச் சிவப்பு, ரத்தத்தின் நிறம். செவுளில் மெல்லிய இழைகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் ரத்தம் ஓடும், வெளியே தண்ணீர் ஓடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை ரத்தம் இழுத்துக்கொள்ளும்.

நமக்கு இந்த வேலையைச் செய்வது நுரையீரல். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகளில் முடிகிறது. அந்தப் பைகளின் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம். ஆக்சிஜன் அங்கே போகும், கரியமில வாயு இங்கே வரும். எல்லாப் பைகளையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. ராயபுரத்துச் சந்துகளில் எத்தனையோ வீடுகள் அவ்வளவு பெரிசு கிடையாது!

இப்போது ஒரு கேள்வி. தண்ணீரைவிடக் காற்றில்தான் ஆக்சிஜன் அதிகம். அப்புறம் ஏன் வலையில் வந்த மீன் கரையில் துடிக்கிறது? செவுள் இழைகளைப் பிரித்து நிறுத்துவது தண்ணீர்தான். வெளியே எடுத்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காய்ந்தும் போகும். நம் நுரையீரலோ நெஞ்சுக்கூட்டுக்குள் ஈரமாகவே இருக்கிறது.

அடுத்த முறை வீட்டில் மீன் ஆயும்போது பக்கத்தில் உட்காருங்கள். செவுளுக்குக் கொஞ்சம் பின்னால், அடிப்பக்கமாக, கருஞ்சிவப்பாகச் சின்னதாக ஒன்று தெரியும். அதுதான் இதயம். மீனின் இதயத்தில் முக்கிய அறைகள் 2, நமக்கு 4. மீன் ரத்தம் செவுளிலிருந்து நேராக உடம்புக்குப் போய்விடும். நம் ரத்தம் நுரையீரலிலிருந்து மறுபடி இதயத்துக்கு வந்து, இன்னொரு தடவை தள்ளப்பட்டுத்தான் போகும். அந்த இதயத்துக்கு இடம்விட்டுத்தான் நம் இடது நுரையீரல் சற்றுச் சின்னதாக இருக்கிறது.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. தானாக விரிய நுரையீரலுக்குத் தெரியாது. அதற்கு அடியில் உதரவிதானம் என்றொரு தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால் நெஞ்சுக்குள் இடம் கூடும், காற்று உள்ளே வரும். வியாசர்பாடியில் பந்து விளையாடிவிட்டு மூச்சு வாங்க நிற்கிறீர்களே, அப்போது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், அது படும் பாடு தெரியும். அந்தத் தசை திடீரென்று வெட்டி இழுத்தால் வருவதுதான் விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று ஆயா சொல்வார். சொல்லட்டும், நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.