ஒரே பிரமாணப் பத்திரம், இரண்டு கார்டு

வணக்கம் மக்களே. வருமானச் சான்றிதழ் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்றைக்கு வேறு ஒன்று பேசியே ஆக வேண்டும். எரிச்சலும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள், எங்கள் தொகுதியில் 2016லும் 2021லும் நின்ற ஒரு வேட்பாளர். பெயரும் சொல்ல மாட்டேன், கட்சியும் சொல்ல மாட்டேன். சொன்னால் கமென்ட்டில் அந்தச் சண்டை மட்டும்தான் ஓடும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு கார்டு போட்டார். கறுப்புப் பின்னணி, நடுவில் அவர் முகம், கீழே கொட்டை எழுத்தில் "ஐந்தே வருடத்தில் சொத்து நான்கு மடங்கு!" அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருக் குழுவில் இன்னொரு கார்டு. அதே முகம், இந்தத் தடவை பின்னால் பூ டிசைன். "கையிருப்பு வெறும் 60 ஆயிரம். இவரா ஊழல்வாதி?"

அத்தைக்குப் போன் போட்டேன். "யார் அனுப்பினாங்க அத்தை?" "உங்க மாமா அனுப்பினார்மா, நல்லா இருந்துச்சு, போட்டேன்." மாமாவுக்கு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் போக வழியில்லை. கார்டின் தலையில் அந்த இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறிய செய்தி என்று அர்த்தம். 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் இந்த இரட்டை அம்பு செய்திகளை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அப்படியும் அத்தை வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

நான் எப்போதும் செய்வதையே செய்தேன். மூல ஆவணத்தைத் தேடினேன். பட்டா வீடியோ பார்த்தவர்களுக்கு என் பழக்கம் தெரியும்.

தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழையவை ஏடிஆர் என்ற தேர்தல் சீர்திருத்த அமைப்பு நடத்தும் மைநேதா தளத்தில் சுலபமாகக் கிடைக்கும். இது யாரும் தானாக நமக்குக் கொடுத்தது இல்லை. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து 1999இல் ஏடிஆரைத் தொடங்கி, நீதிமன்றம் போனார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. உடனே அதை நீர்த்துப்போகச் செய்ய ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. இவ்வளவு போராடி வாங்கிய காகிதத்தை நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

திறந்தால் ஸ்கேன் செய்த படம். முத்திரைத்தாள், பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை, அந்த முத்திரை சரியாக எண்ணின் மேலேயே விழுந்திருக்கிறது. எழுத்தைத் தேட முடியாது, காப்பி எடுக்க முடியாது. இந்த ஸ்கேன் முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை மறுபடி படமாக்கி ஏற்றுகிறார்கள். பொதுமக்கள் படிக்க வேண்டிய ஆவணத்தை இப்படியா கொடுப்பது?

போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் வலித்தது. சரி, பிரின்ட் எடுப்போம் என்று பிரவுசிங் சென்டர் போனேன். பக்கத்துக்கு ஐந்து ரூபாய்! கறுப்பு வெள்ளைக்கு! எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய். ஐந்து ரூபாய்க் கடையில் முதல் பக்கம் வந்த பிறகுதான் விலையே சொன்னார்கள். அந்த ஒரு பக்கத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டேன். இரண்டு வருடத்துப் பத்திரமும் சேர்ந்து ஒரு கட்டு. ஆதார் திருத்த பிரின்டுக்கு வரும் பெரியவர்களிடமும் இதே விலைதானே வாங்குவார்கள்? விலையை எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? விலை எழுதி ஒட்டாத கடைக்குள் நான் இனிமேல் கால் வைப்பதாக இல்லை.

இப்போது கேளுங்கள். இரண்டு கார்டுமே பொய் இல்லை. கறுப்புக் கார்டு 2016, 2021 பத்திரங்களின் மொத்தத் தொகைகளை ஒப்பிட்டிருக்கிறது. நான்கு மடங்கு சரிதான். பூ போட்ட கார்டு 2021 பத்திரத்தில் 'கையிலுள்ள ரொக்கம்' என்ற ஒரே ஒரு வரியை எடுத்திருக்கிறது. அதுவும் சரிதான். உண்மை சரிபார்ப்பவர்களிடம் கொடுத்தால் இரண்டுக்கும் 'சரி' என்று முத்திரை விழும். என் பயமே இதில்தான். முழுப் பொய் என்றால் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். துண்டு உண்மையை யார் பிடிப்பது?

முதலில் அந்த நான்கு மடங்கைப் பார்ப்போம். அசையா சொத்துப் பகுதியில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, பூர்வீகமா இல்லையா, வாங்கிய தேதி, கிரயத் தொகை, கடைசியில் 'தோராயமான தற்போதைய சந்தை மதிப்பு' என்று வரும். அவருடைய பூர்வீக நிலம் இரண்டு பத்திரத்திலும் அதே சர்வே எண்கள், அதே பரப்பு. ஒரு சென்ட் கூடவில்லை. கூடியது சந்தை மதிப்பு மட்டும். அந்த மதிப்பை எழுதுவது வேட்பாளரே. ஏற்றத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டத்திலிருந்து வருகிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சர்வே எண் போட்டால் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் விலை வரும், கட்டணம் கிடையாது. பழைய கால மதிப்பையும் பார்க்கலாம். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆக அந்த ஐந்து வருடத்தில் அரசு மதிப்பு இறங்கியிருக்கிறது, அவர் எழுதிய மதிப்பு ஏறியிருக்கிறது. அவர் எழுதியதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. வெளிச்சந்தை விலை வேறு, வழிகாட்டி மதிப்பு வேறு. ஆனால் அந்த ஏற்றத்தை வைத்து "சம்பாதித்துவிட்டார்" என்றும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சர்வே எண் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. நோட்டரி முத்திரைக்கு அடியில் 141ஆ 147ஆ என்றே தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். அப்புறம் பரப்பை வைத்துப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பத்திரத்தில் 1 ஏக்கர் 24 சென்ட். வருவாய்த்துறை இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலங்களின் அரசுக் கணக்கு, ஹெக்டேரில் இருக்கும். 247 சென்ட் ஒரு ஹெக்டேர், அப்படியானால் இது அரை ஹெக்டேர். 141ஐப் போட்டேன், ஏதோ புறம்போக்கு. 147ஐப் போட்டு உட்பிரிவு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். 0.50 என்று வந்து நின்றது! ஹாலில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் போட்ட சத்தத்தில் திரும்பிப் பார்த்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்த அலுவலகத்துக்கும் அலையாமல், என் வீட்டு மேசையிலிருந்து ஒரு வேட்பாளர் சத்தியம் செய்து கொடுத்த கணக்கை அரசுப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். இதற்குத்தான் எனக்கு இன்டர்நெட் பிடிக்கும்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். படிக்கும்போது வேட்பாளரின் பத்தியோடு நிறுத்தாதீர்கள். பக்கத்திலேயே துணைவர், அவரைச் சார்ந்திருப்பவர்கள் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். இவருடைய மனைவி பெயரில் 2019இல் வாங்கிய ஒரு மனை 2021 பத்திரத்தில் புதிதாக வந்திருக்கிறது. கிரயத் தொகையும் போட்டிருக்கிறது. இரண்டு கார்டிலும் இந்த மனை இல்லை. 2019இலிருந்து படிவத்தில் ஐந்து வருட வருமான வரிக் கணக்கையும் காட்ட வேண்டும். வரிசையாகக் கூட்டினேன். இரண்டு பேருடைய வருமானத்தையும் சேர்த்தால்கூட மனை விலை எட்டவில்லை. கடன் பகுதியில் வங்கிக் கடன் இல்லை. நகை இரண்டு பத்திரத்திலும் அதே எடை, விற்றிருக்கவும் இல்லை. வைப்புத்தொகை குறைந்திருக்கிறது, அது ஒரு பகுதியை ஈடுகட்டும். மீதிக்கு நேர்மையான விளக்கம் இருக்கலாம். பெண் வீட்டார் கொடுத்திருக்கலாம். நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நான்கு மடங்கும் இல்லை, 60 ஆயிரமும் இல்லை.

ஆக, கறுப்புக் கார்டு அவரைத் திட்டுவதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தது, பூ கார்டு அவரைக் கும்பிடுவதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தது. அவரிடம் கேட்க வேண்டிய ஒன்றை இரண்டுமே கொடுக்கவில்லை. தானாக நம் கைக்கு வருவது, யாரோ நறுக்கி எடுத்த துண்டு. முழுசும் அதே இன்டர்நெட்டில்தான் கிடக்கிறது, நாம்தான் தேடிப் போக வேண்டும்.

"கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?" என்று நிச்சயம் சிலர் கேட்பீர்கள். ஆகும். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னாலோ மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது: வேட்பாளர் சொன்னதை மறுத்து யார் வேண்டுமானாலும் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம், தேர்தல் அதிகாரி அதையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு கார்டை ஃபார்வர்டு செய்வதைவிட இது எவ்வளவோ பெரிய வேலை இல்லையா?

இதையெல்லாம் குடும்பக் குழுவில் குரல் பதிவாகப் போட்டேன். மாமா ஒரு கட்டைவிரலைப் போட்டார், அவ்வளவுதான். அத்தைதான் போன் செய்தார். "அந்த மனை எந்த ஊர்லம்மா இருக்கு?" என்று கேட்டார். கிராமத்தின் பெயரைச் சொன்னதும், "அங்கேயா? அங்க சென்ட் என்ன விலைன்னு எனக்குத் தெரியுமே" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். பத்திரத்தில் இருக்கும் கிரயத் தொகை அந்த ஊருக்கு ரொம்பக் குறைச்சல் என்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வருடத்து வழிகாட்டி மதிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு அத்தைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

 அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் தொடங்கியதும் புதுப் பத்திரம் தளத்தில் ஏறும். அவர் மறுபடி நின்றால் மூன்றாவது பத்திரமும் கிடைத்துவிடும், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உங்கள் தொகுதியில் 2021இல் நின்றவருடைய பத்திரத்தை இப்போதே இறக்கி வையுங்கள். ஸ்கேனில் எண் தெரியவில்லை என்றால் எந்தப் பக்கம், எந்த வரி என்று கமென்ட்டில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். கார்டை மட்டும் அனுப்பாதீர்கள், நான் திறக்க மாட்டேன்.