கரை மீன் கரைக்கே

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அம்மா அவர்களே, ஏலம் முடிந்து கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் மீன்காரத் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். வெயிலுக்குப் பந்தல் போட்டுத் தந்த இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும், ஒலிபெருக்கிக்குத் தன் வீட்டிலிருந்து மின்சாரம் கொடுத்த அண்ணாச்சிக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். நோயாளிகள் காத்திருக்கும் வேளையிலும் மருத்துவர் அம்மா முன்வரிசையில் வந்து அமர்ந்திருப்பது இந்த ஊருக்குச் செய்த மரியாதை.

எனக்குத் தந்த தலைப்பு, தீவுச் சமையலும் சர்க்கரை நோயும். மீன், தானியம், கருப்பட்டி என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன். மூன்றுக்கும் பொதுவாக நம் பாட்டிமார் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: நொறுங்கத் தின்றால் நூறு வயது.

முதலில் மீன். மீனில் மாவுச்சத்து இல்லை. சாளையில், அதாவது மத்தி மீனில், இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல் என்பதால், விலை உயர்ந்த சீலாவைத் தேடுவதை விட இந்தச் சாளையை வாரம் இரண்டு மூன்று நாள் தின்பது நல்லது. ஆனால் நம் தட்டில் என்ன நடக்கிறது? மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் முருங்கைக்கீரையோ கொத்தவரங்காயோ அரைத் தட்டு, அதோடு மீன். கடைசியில் ஒரு சிறு கிண்ணம் சோறு. காயும் மீனும் முன்னால் போனால், பின்னால் வருகிற சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறும்.

குழம்பையும் சரியாக வையுங்கள். நான்கு பேருக்கு அரைக் கிலோ சாளை, சிறிய எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. நம் இராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஐந்தாறு வறுத்து, இரண்டு கரண்டி மல்லியோடு அரையுங்கள். தாளிப்பில் வெந்தயம் அரைத் தேக்கரண்டி போதும், பொன்னிறத்தைத் தாண்டினால் குழம்பே கசக்கும். புளிக்கரைசலும் மசாலாவும் பச்சை வாடை போகக் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் சாளை கரைந்து முள் மட்டும் மிஞ்சும். போட்டபின் கரண்டி கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆறேழு நிமிடத்தில் இறக்கிவிடலாம். குழம்பு நீர்த்துவிட்டது என்று அரிசி மாவு கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளி வீட்டில் அதைச் செய்யாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு மீனைப் போடுங்கள்.

இனித் தானியம். இந்தத் தீவில் ஒரு பெரியவர். வள்ளத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னதும் சோற்றுப் பானைப் பக்கமே போகவில்லை. பதிலுக்குக் கம்பங்கூழ். காலையில் ஒரு செம்பு, பதினோரு மணிக்கு ஒரு செம்பு, பொழுது சாய ஒரு செம்பு. அடுத்த மாதம் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட மேலே. "எந்திரம் கெட்டுப்போச்சு" என்றார். வேறு இடத்தில் எடுத்தார்கள், அதே கணக்கு. "இது கலப்படக் கம்பு" என்றார். மகன் பரமக்குடி வரை போய் மூட்டையோடு வாங்கி வந்தான். அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் மருமகள் கேட்டாள்: "மாமா, சோறு தின்னப்ப மென்னாவது தின்னீங்க. இப்ப குடிச்சிட்டுப் போயிர்றீங்க. மூணு செம்புக்கும் எம்புட்டு மாவு அள்ளுறேன்னு ஒரு நாள் அடுப்படிக்கு வந்து பாருங்க." வந்து பார்த்தார். மாவு அள்ளி முடிகிறவரை நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நொறுங்கத் தின்றால் நூறு வயது. கம்பிலும் குதிரைவாலியிலும் மாவுச்சத்து உண்டு. நைசாக அரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்து இரத்தத்தில் ஏறிவிடும். உடைத்த கம்பாகவோ முழுக் குதிரைவாலியாகவோ மென்று தின்னுங்கள். நம் மானாவாரிக் காட்டில் விளைந்த குதிரைவாலி, தவிடு அதிகம் நீக்காததாக, ஆளுக்கு ஐம்பது கிராம். அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வேகவிடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் குழைந்து, திரும்பவும் கூழ்தான்.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவர் அம்மாவைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. வேர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இன்னொன்று, கால் மரத்துப்போனவர்கள் சுடுமணலிலும் சிப்பியிலும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். புண் பட்டதே தெரியாது.

கருப்பட்டியை விரிவாகப் பேச நேரமில்லை. அதுவும் பெரும்பகுதி சர்க்கரைதான். அவ்வளவு போதும்.

ஏனென்றால் நான் வந்த காரியம் வேறு. சாளையைத் தின்னுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். சாளை எங்கே கிடைக்கிறது? கரையில் இறங்கும் பொடிமீன் மீன்மாவுக்கும் கோழித்தீவனத்துக்கும் என்று லாரி ஏறுகிறது. ஏலத்தில் மொத்தமாக எடுப்பவருக்குத்தான் கிடைக்கும், அரைக் கிலோ கேட்கும் நோயாளி வீட்டுக்காரம்மாவுக்குக் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கருவாடு, அதில் உப்பு. இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது ஆகாது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்கிறோமே, நொறுக்குவதற்கு மீன் வேண்டாமா?

ஆகையால் ஊராட்சித் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒரு சில்லறைக் கடை வேண்டும். ஏலத்துக்கு முன்பே நாட்டுப்படகு மீனில் ஒரு பங்கை எடை போட்டு அங்கே ஒதுக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி ஒன்று, தராசு ஒன்று, விலைப்பலகை ஒன்று. காலை இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். நடத்துவதை இங்கே அமர்ந்திருக்கும் மீன்காரத் தாய்மார்களின் குழுவிடமே விடுங்கள். வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். மனு எழுதித் தயாராக இருக்கிறது, பந்தல் வாசலில் மேசையில் வைத்திருக்கிறார்கள். வெளியே போகும்போது ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.